ஐம்பத்தைந்தா, அறுபதா: பென்ஷன் வயதுக்கு மனு எழுதும் முன்

கையெழுத்துத் தாளோடு தெருவில் இறங்கும் முன் ஒரே ஒரு வரியை எழுதி முடியுங்கள். "கட்டுமான நலவாரியத்தில் பதிந்த பெண்களுக்கு 55 வயதில் ஓய்வூதியம் வேண்டும்" என்பது ஒரு வரி. "பெண்களின் பென்ஷன் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்பதை வாங்குகிற அலுவலர், எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்.

அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு பிரிட்டனில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே 1940 முதல் பெண்களுக்கு 60 வயதிலும் ஆண்களுக்கு 65 வயதிலும் அரசு ஓய்வூதியம் கிடைத்துவந்தது. 1995 சட்டம், 2010 முதல் 2020-க்குள் பெண்களின் வயதையும் படிப்படியாக 65 ஆக்கச் சொன்னது. 2011 சட்டம் அதை முடுக்கிவிட்டது: 2018 நவம்பரில் 65, 2020 அக்டோபரில் இருபாலருக்கும் 66. 1950-களில் பிறந்த பெண்களில் பலருக்கு இந்தச் செய்தி, வேலையை விட்டு நிற்கப்போகிற நேரத்தில்தான் எட்டியது.

எதிர்த்தவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2015-இல் தொடங்கிய வாஸ்பி இயக்கம், "ஒரே வயது என்பதில் எங்களுக்குச் சண்டையில்லை, முறையாகத் தெரிவிக்காததற்கு நஷ்டஈடு கொடுங்கள்" என்றது. பேக் டு 60 என்ற இன்னொரு குழு, பழைய 60-ஐயே திருப்பிக் கேட்டு வழக்குக்குப் போனது. 2019-இல் உயர் நீதிமன்றத்திலும் 2020-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வாஸ்பியின் சின்னக் கோரிக்கை இன்னும் கொஞ்ச தூரம் போனது. நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி 2024 மார்ச்சில், தலைக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை தரலாம் என்று பரிந்துரைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அரசு முடியாது என்றுவிட்டது. எதைக் கேட்பது என்ற பிளவு கடைசிவரை ஆறவில்லை. வயது வேண்டுமா, தகவல் வேண்டுமா, நஷ்டஈடு வேண்டுமா என்பதை உங்கள் சங்கத்துக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடியுங்கள். தெருவில் வைத்துப் பேச வேண்டிய சண்டையில்லை அது.

நாம் கேட்பது "உயர்த்தாதே" என்றுகூட இல்லை, "இறக்கு" என்று. அதற்கும் முன்மாதிரி அங்கேயே உண்டு. 1935-இல் பிராட்ஃபோர்டில் ஃப்ளாரன்ஸ் ஒயிட் என்பவர், திருமணமாகாத உழைக்கும் பெண்களுக்கு 55 வயதில் ஓய்வூதியம் கேட்டுச் சங்கம் தொடங்கினார். கேட்டது 55, 1940-இல் கிடைத்தது 60. மேடையில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் நம் கையிலேயே இருக்கிறது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கு 2011 வரை வயது 65. அந்த ஆண்டுதான் 60 ஆனது. தமிழ்நாட்டில் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 50 வயதுக்கு மேல் உதவித்தொகை இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்டவருக்கு 30 வயதிலேயே இருக்கிறது. அறுபது ஒன்றும் கல்லில் வெட்டிய எண் இல்லை என்பதை அரசாணைகளே சொல்கின்றன.

எந்தக் கதவு

முதியோர் உதவித்தொகை, நலவாரிய ஓய்வூதியம் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதியோர் உதவித்தொகை வருவாய்த்துறை வழியாக வருவது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது இதுதான். நலவாரிய ஓய்வூதியம் தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. தாசில்தாரிடம் நலவாரிய மனுவைக் கொடுத்தால் அவரால் செய்ய முடிந்தது, மேலே அனுப்புவது மட்டுமே.

இன்னொரு முடிச்சும் உண்டு. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 18 முதல் 60 வயது வரை உறுப்பினர், 60 நிறைந்தவருக்கு ஓய்வூதியம் என்றே எழுதியது. ஆகவே மாநில அரசிடம் மட்டும் கேட்டால், "மத்தியச் சட்டம் அப்படி" என்று ஒரு வரியில் பதில் வரும். மனுவை இரண்டாகப் பிரியுங்கள்: மாநிலத் தொழிலாளர் துறைக்கு ஒன்று, உங்கள் தொகுதி மக்களவை உறுப்பினர் வழியாக மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒன்று.

கோரிக்கையில் இரண்டாவது வரி ஒன்றும் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதிய வயது வந்ததும் உறுப்பினர் தகுதி முடிகிறது. 55-க்கு இறக்கினால் விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் ஐந்து வருடம் முன்பே நின்றுபோகலாம். கடைசிப் பெண் இன்னும் அரூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிற தாய்க்கு அது லாபமா? "60 வயது வரை மற்ற பலன்கள் தொடர வேண்டும்" என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கணக்கும் தாளும்

ஒரு ஊராட்சிக்கு 40 பெண்களைக் கேட்டாலே போதும், ஆனால் ஒழுங்காகக் கேளுங்கள். ஏழு பத்திகள்: பெயர், ஆதாரில் உள்ள பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் உள்ள வயது, நலவாரிய அட்டையில் உள்ள வயது, எத்தனை வருடமாகச் சித்தாள் வேலை, கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் வேலை, எந்த ஊரில்.

ஊருக்கென்று தனியாக ஒன்று போடுங்கள். பெங்களூரு ஷெட்டில் ஏழு மாதம் தங்கி வேலை செய்தவரின் நாட்கள் கர்நாடகக் கணக்கில் போகும். ஓசூர், அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் வரும்.

மூன்று வயதும் மூன்று விதமாக இருக்கும். ஆதார் எடுக்க வந்தவர் "எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டு ஜனவரி 1 என்று போட்டிருப்பார். முகம் பார்த்துப் போட்ட வயது ஐந்து வருடம் குறைந்திருந்தால், சட்டமே மாறினாலும் அந்த அம்மாவுக்குப் பென்ஷன் ஐந்து வருடம் தள்ளித்தான் வரும். வயதுக்கு ஆதாரை மட்டும் நம்பக் கூடாது; பள்ளிச் சான்றிதழே வலுவானது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. ஐந்தாவதோடு நின்றவர்கூடப் படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரு முறைதான் வாய்ப்பு, ஆதாரம் கையில் வராமல் அவசரப்பட்டு அதை வீணாக்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் 55-இல் தருவதில்லை?" என்று கேட்டால் பதில் வராது. இருக்கிற தகவலைத்தான் கேட்க முடியும். உங்கள் மாவட்டத்தில் 55 முதல் 59 வயது வரையுள்ள பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டில் பெண்களின் ஓய்வூதிய விண்ணப்பம் எத்தனை வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, காரணவாரியாக. வாரிய நிதியில் இருப்பு எவ்வளவு என்பதைத் தனி மனுவாக வாரியத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலைப்பிலும் கோரிக்கை முழுதாக இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் மட்டும் எழுதி, மற்றதெல்லாம் வெறும் பெயராக இருந்தால் அது வருகைப் பதிவேட்டுக்குச் சமம். பக்கத்துக்கு 20 வரி, வரிசை எண், ஊர். கைநாட்டு வைப்பவர் பெயரை எழுதியவர் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். வெளியூரில் இருப்பவர்களைப் பிடிக்க ஆடிப்பெருக்குதான் நேரம். ஒகேனக்கல் போகிற கூட்டம் முதலில் சொந்த ஊரில்தான் இறங்கும்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்களுக்கு உகந்தது மே 1. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் சபை செல்லும். தீர்மான வாசகத்தை ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சியானால் செயலரிடமோ எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. "அப்புறம் எழுதிக்கறோம், நீங்க போங்கம்மா" என்ற இடத்தில்தான் பாதித் தீர்மானங்கள் காணாமல் போகின்றன.

எதிர்க்கேள்விகள்

"பெண்தான் ஆணைவிட அதிக நாள் வாழ்கிறாள், அவளுக்கு எதற்கு முன்கூட்டி?" என்று கேட்பார்கள். சென்ட்ரிங் கான்கிரீட் போடுகிற நாளைச் சொல்லுங்கள். இருபது வயதில் சித்தாளாக வந்த ஆண் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, ஐம்பதில் நூல் பிடித்து நிற்கிறார். அவரோடு வந்த பெண் ஐம்பதிலும் அதே சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தில் ஏறுகிறாள். ஐம்பத்தைந்தில் முழங்கால் ஒத்துழைக்காதபோது அவளை யாரும் நிறுத்துவதில்லை; காலையில் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். எத்தனை நாள் உயிரோடு இருப்பாள் என்ற கணக்கு இங்கே உதவாது.

"அப்படியானால் ஆணுக்கும் 55 கேட்க வேண்டியதுதானே?" என்பது கனமான கேள்வி, மழுப்ப வேண்டாம். கடைசிவரை சுமை தூக்கிய ஆணும் உண்டு. வேலையின் வகையை வைத்துக் கேட்பதே நியாயம் என்பது எங்கள் எண்ணம்; ஆனால் அட்டையில் வேலை வகை தப்பாகப் பதிவாகியிருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு. பெண்களுக்கென்று கேட்பது சுலபம், ஆனால் இந்தக் கேள்வி கூடவே வரும். எதைத் தேர்ந்தாலும் மேடையில் ஏறும் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும்.

"பணம்?" கட்டடச் செலவில் 1 சதவீதம் நலநிதியாக வசூலாகிறது. தகவல் உரிமை மனுவில் வந்த இருப்புக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள், அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஐம்பது பேரின் கூலியைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நான்கு பேர் போதும். அவர்களின் அன்றைய கூலியைச் சங்கம் தரட்டும். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவில் எழுதும் கைபேசி எண், ஊரிலேயே இருப்பவருடையதாக இருக்கட்டும். பெங்களூரு போனதும் சிம் மாற்றுகிறவருடைய எண்ணைக் கொடுத்தால், விசாரணைக்கு அழைத்த தகவல் உங்களுக்கு வராமலே கோப்பு முடிந்துவிடும்.