மயிலாப்பூரில் கேமராவோடு நடக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

படம் எடுக்க வருகிற பலர் காலை பத்து மணிக்குத்தான் திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். அதற்குள் கோலங்களின் மேல் பைக்குகள் ஏறி இறங்கி, புள்ளி எது இழை எது என்று தெரியாமல் போயிருக்கும். ஆறு மணிக்கே வந்துவிடுங்கள். வாசல் தெளித்த ஈரம் காயாமல் இருக்கும்போது மாவு எவ்வளவு வெள்ளையாகத் தெரியும் என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, வெயில் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் நிற்பது. கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது, ஏறக்குறைய 120 அடி உயரம். காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். சுதைச் சிற்பங்களின் மடிப்பெல்லாம் எடுப்பாகத் தெரியும். தெப்பக்குளமோ கோயிலுக்கு மேற்கே. காலையில் குளத்தின் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் எதிரே இருக்கும், கோபுரம் கறுப்பாகத்தான் வரும். அதுதான் வேண்டும் என்றால் சரி. இல்லையென்றால் குளக்கரையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நடையில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

கோபுரத்தோடு திரும்பிவிடவும் வேண்டாம். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடைகள். நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள். அப்படியே லஸ் வரை நடந்தால் பிரகாச மாதா கோயில், அங்குள்ள கல்வெட்டில் 1516 என்று ஆண்டு இருக்கிறது. லஸ் என்பது வெளிச்சத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். கேமராவோடு அலைகிற எனக்கு அந்தப் பெயர் மேல் தனிப் பிரியம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது. மாட வீதியில் ஒரு பூக்கார அம்மாவை நானே அப்படி எடுத்தேன். வாழைநாரைப் பல்லில் கடித்தபடி மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு முழம் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எடுத்துக்கோப்பா, ஆனா கையை மட்டும் எடு" என்றார். மூன்று விரல்களுக்கு நடுவில் நான்கு மொட்டு, ஒரு சுற்று நார், ஒரு முடிச்சு. எந்தக் கோபுரப் படத்தையும்விட அந்தப் படம் எனக்கு நெருக்கமானது. மறுவாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் கொடுத்துவிடுங்கள், அடுத்து கேமராவோடு வருகிறவரையும் நம்புவார்கள்.

கோயிலுக்குள் செல்போனை எடுக்காதீர்கள். தமிழகக் கோயில்களில் அதற்குத் தடை விதிக்கும்படி 2022இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

அப்புறம், பங்குனி அறுபத்துமூவர் விழாவை முதல் நடையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நிற்கவே இடம் கிடைக்காது. சாதாரணச் செவ்வாய், புதனில் நாலைந்து தடவை நடந்து, எந்த முனையில் திண்ணை இருக்கிறது, எந்தச் சந்து குளக்கரைக்குப் போகிறது என்று காலுக்குப் பழகிய பிறகு விழாவுக்கு வாருங்கள்.