காமன் நவுனா, ப்ராப்பர் நவுனா? தமிழ் வழியில் படித்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களைக் காமன் நவுன், ப்ராப்பர் நவுன் என்று பிரிக்கும்போது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஏற்படும் குழப்பத்தின் வேர், பல நேரங்களில் நமது தமிழ் இலக்கணப் பாடத்திலேயே இருக்கிறது. காமன் நவுன் என்றால் பொதுப்பெயர், ப்ராப்பர் நவுன் என்றால் சிறப்புப்பெயர் என்று ஆங்கில வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதே மாணவர் தமிழ் வகுப்பில், மரம் இடுகுறிப் பொதுப்பெயர் என்றும் மா, பலா, வாழை ஆகியவை இடுகுறிச் சிறப்புப்பெயர்கள் என்றும் படிக்கிறார். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் மேங்கோ என்ற சொல்லும் ப்ராப்பர் நவுன் ஆகிவிடும். நன்னூல் வழிவந்த பாகுபாட்டில் சிறப்பு என்பது ஓர் இனத்துக்குள் அடங்கிய வகையைச் சுட்டுகிறது. ஆங்கிலத்தின் ப்ராப்பர் நவுனோ ஒரு குறிப்பிட்ட ஆளுக்கோ ஊருக்கோ ஆற்றுக்கோ நிறுவனத்துக்கோ இட்டு வழங்கும் பெயர். எனவே மேங்கோ மட்டுமல்ல, காரணச் சிறப்புப்பெயருக்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் மரங்கொத்தியும் ஆங்கிலத்தில் காமன் நவுன்தான்.

ஒன்றையே குறிப்பதால் ஒரு சொல் ப்ராப்பர் நவுன் ஆகிவிடும் என்று எண்ணுவது அடுத்த தவறு. 'மை காலேஜ்' என்று எழுதுபவர் மனத்தில் இருப்பது ஒரே ஒரு கல்லூரிதான் என்றாலும், அது அந்தக் கல்லூரியின் பெயரன்று. ஆங்கிலத்தில் ப்ராப்பர் நவுன் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) தொடங்கும்; இது காமன் நவுன் என்பதால் காலேஜின் முதல் எழுத்தான 'சி' சிறிய எழுத்தாகவே இருக்க வேண்டும். 'பிரசிடென்சி காலேஜ்' என்று எழுதும்போது அதே சொல் பெயரின் ஒரு பகுதியாகிவிடுவதால் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. வேலைக்கு அனுப்பும் விண்ணப்பங்களில் இந்தப் பிழை நிறைந்து கிடக்கிறது: டிகிரி, கம்பெனி, மேனேஜர், எக்ஸ்பீரியன்ஸ் என மதிப்பாகத் தோன்றும் சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்தைச் சூட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக் குறியன்று. படித்த பாடங்களின் பட்டியலிலும் மேத்தமேட்டிக்ஸ், பிசிக்ஸ் ஆகியவை வாக்கியத்தின் நடுவே சிறிய எழுத்திலும், மொழிப்பெயர்களான இங்கிலீஷ், தமிழ் ஆகியவை பெரிய எழுத்திலும் வர வேண்டும்.

உறவுப்பெயர்களும் இவ்வாறே இடத்துக்கு இடம் மாறும். 'மை மதர்' என்னும்போது மதர் காமன் நவுன். அம்மாவைப் பெயர் சொல்வதுபோல 'மதர்' என்றே விளித்தால் பெரிய எழுத்து வேண்டும். ஆனால் வாக்கியத்தின் நடுவே வரும் 'சர்' என்ற விளிக்கு இந்தச் சலுகை கிடையாது. கடிதத்தின் தொடக்கத்தில் வரும் 'டியர் சர்' மட்டும் விலக்கு. கிழமைகளும் மாதங்களும் ப்ராப்பர் நவுன்கள், சம்மர், வின்டர் போன்ற பருவங்கள் காமன் நவுன்கள் என்பதற்கு நியாயம் தேடிக்கொண்டிராமல் மனப்பாடம் செய்துகொள்வதே நல்லது.

பெரிய எழுத்தைக் கண்டதும் ப்ராப்பர் நவுன் என்று முடிவுகட்டுவதும் கூடாது. நான் என்று பொருள்படும் 'ஐ' எப்போதும் பெரிய எழுத்துதான். ஆனால் அது பிரதிப்பெயர். 'இந்தியன் ஃபுட்' என்பதில் இந்தியன் பெயரடை. தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதமே இல்லாததால், இந்த அடையாளத்தை நாம் அளவுக்கு மீறி நம்பிவிடுகிறோம்.

ப்ராப்பர் நவுனுக்கு முன் 'தி' வராது என்ற பாதி விதியும் பலரை ஏமாற்றுகிறது. சென்னைக்கும் மதுரைக்கும் வராது என்பது சரிதான். ஆனால் வைகை போன்ற ஆறுகளுக்கும், இமயமலை, நீலகிரி போன்ற மலைத்தொடர்களுக்கும் 'தி' கட்டாயம் வேண்டும். செம்பரம்பாக்கம் போன்ற ஏரியின் பெயருக்கு வேண்டாம்.

வணிகப் பெயர்களில் எல்லைக்கோடு காலப்போக்கில் நகர்வதும் உண்டு. எஸ்கலேட்டர் என்பது ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்து, 1950-இல் அமெரிக்காவில் அந்த உரிமையை இழந்து காமன் நவுன் ஆகிவிட்ட சொல். ஜெராக்ஸ் அப்படி ஆகவில்லை. அது இன்றும் ஒரு நிறுவனத்தின் பெயர். நம் ஊர்க் கடைப் பலகைகள் எப்படி எழுதினாலும், அலுவலகக் கடிதத்தில் நகலை இணைத்திருப்பதாகக் குறிப்பிடும்போது ஃபோட்டோகாப்பி என்று சிறிய எழுத்தில் எழுதுவதே முறை.