58 துணி, 406 முறை: பெரிய குடும்பத்தில் துணி துவைக்கும் வேலையைக் குறைப்பது எப்படி?

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். 58 இருந்தது. ஒரு நாள் துணி மட்டும். வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் 11 பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாமனார், மாமியார், மூத்தவர், அக்கா (என் ஓரகத்தியை அப்படித்தான் கூப்பிடுவேன்), அவர்களின் இரண்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், எங்கள் பிள்ளைகள் இரண்டு, அப்புறம் கொழுந்தன்.

எண்ணியதோடு விடாமல் இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரு துணி எத்தனை முறை நம் கைக்கு வருகிறது? அழுக்காகக் கிடப்பதைப் பொறுக்கி எடுப்பது, பிரிப்பது, துவைப்பது, காயப்போடுவது, காய்ந்ததை எடுப்பது, மடிப்பது, அவரவர் அலமாரியில் வைப்பது. மொத்தம் 7. ஆக ஒரு நாளைக்கு 406 முறை. வாஷிங் மெஷின் வாங்கியும் இடுப்பு வலி ஏன் தீரவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஏழில் மெஷின் செய்வது ஒன்றே ஒன்று. மற்ற ஆறும் நம் தலையில்தான், அதுவும் பல வீடுகளில் ஒரே ஒருத்தியின் தலையில்.

புதிதாகக் கல்யாணமாகி ஒரு கூட்டுக் குடும்பத்துக்குள் போயிருப்பவர்கள், இதுவரை துணிப் பக்கமே வராத ஆண்கள், இருவரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளை வெளேரென்று துவைப்பது எப்படி என்பதைவிட, அந்த ஏழில் எதையெல்லாம் கழற்றிவிடலாம் என்பதே எனக்கு முக்கியம்.

படி 1: கழற்றும் இடத்திலேயே பிரித்துவிடுங்கள்

குளியலறை வாசலில் மூன்று கூடை வையுங்கள். ஒன்று வெள்ளைக்கு, ஒன்று நிறத்துணிக்கு. மூன்றாவது கனமானவற்றுக்கு: ஜீன்ஸ், துண்டு, போர்வை. யார் கழற்றினாலும் அவரே அந்தந்தக் கூடையில் போட வேண்டும். உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கும் காற்சட்டையை நேராக்குவதும், பையைத் துழாவிப் பார்ப்பதும் அவர் வேலைதான். படிக்கத் தெரியாத குழந்தைக்காகக் கூடைகளில் வெள்ளைத் துணி, சிவப்புத் துணி என்று ஒரு துண்டைக் கட்டிவிட்டால் போதும். எங்கள் வீட்டு மூன்று வயதுக்காரி தவறாமல் போடுகிறாள்.

பையைத் துழாவுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு பேப்பர் கைக்குட்டை மெஷினுக்குள் போய்விட்டால், கறுப்பு பேன்ட் முழுக்க வெள்ளைத் துகள் ஒட்டும். அதை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க அரை மணி நேரம் ஆகும். ஒருமுறை கிள்ளி எடுத்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பொறுக்குவது, பிரிப்பது இரண்டும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். பழக எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. தரையில் கிடக்கும் துணியைத் துவைப்பதில்லை என்று அக்காவும் நானும் முடிவெடுத்து, அதில் உறுதியாக நின்றோம். கொழுந்தனுக்கு ஒரு வாரம் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

புதுத் துணிக்கு ஒரு எச்சரிக்கை. குடியாத்தம் லுங்கி, அடர்ந்த நிறத்தில் காட்டன் சேலை போன்றவற்றை முதல் இரண்டு மூன்று முறை தனியாகத்தான் அலச வேண்டும். தண்ணீரில் சாயம் இறங்குவது நின்ற பிறகே கூடைக்குள் விடுங்கள்.

படி 2: முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

வட ஆற்காட்டுப் பக்கம் துணி துவைக்கிறவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தண்ணீர்தான். பாலாறு வருடத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து நுரைக்காமல், வெண்மையான பிசுக்காகத் திரிந்துவிடும். அந்தப் பிசுக்கு இழைக்குள் தங்கித்தான் வெள்ளைச் சட்டை நாளடைவில் சாம்பல் நிறமாகிறது. துண்டு அப்பளம் மாதிரி விறைப்பதற்கும் உப்புத் தண்ணீர்தான் காரணம்.

இதற்கு நான் செய்வது இதுதான். வெள்ளைக்கும் கனத்த காட்டனுக்கும், ஊறவைக்கும் பக்கெட்டில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்துவிட்டு, அப்புறம்தான் பவுடர் போடுவேன். சோடா அந்தக் கால்சியத்தைப் பிடித்துக் கீழே படிய வைத்துவிடும். பவுடர் தன் வேலையைப் பார்க்கும். பழைய காலத்தில் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை அதில் தோய்த்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணிலும் இருப்பது இதே சோடாதான். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் இது ஆகவே ஆகாது. கையுறை இல்லாமல் சோடாத் தண்ணீரில் கை வைக்காதீர்கள். மாமியாரின் விரல் நுனிகளில் இன்றைக்கும் வெடிப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் அதில் புளி பட்டால் கையை உதறிக்கொள்வார்.

காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் இரண்டு பக்கெட் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியின் கடைசி அலசலுக்கு மட்டும் அது போதும். ஒரே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பவுடரை அள்ளிக் கொட்டினால் அழுக்கு அதிகமாகப் போகும் என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய பவுடர் துணியில் தங்கி அரிக்கும், அதை எடுக்க இன்னும் இரண்டு அலசல் தண்ணீர் ஆகும். ஊறவைக்க அரை மணி நேரம் போதும். வெயில் காலத்தில் ராத்திரி முழுக்க ஊறினால் காலையில் நாறும்.

படி 3: கறையைப் பார்த்துக் கை வையுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் கெடுத்த துணிகள் எல்லாம் கறையைத் தவறாகக் கையாண்டதால் கெட்டவைதான்.

என் மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் கொட்டிவிட்டது. பதறிப்போய் பார் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை கண்ணெதிரே செக்கச்செவேலென்று ஆனது. சட்டை தொலைந்தது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமியார் வந்து பார்த்தார். "ஒண்ணும் ஆகல, மாடியில போடு, வெயிலு பாத்துக்கும்" என்றார். அலசி, ஈரத்தோடு கறை மேலே தெரியும்படி விரித்துப் போட்டேன். பதினோரு மணிக்கு ஆரஞ்சு, ஒரு மணிக்கு வெளிர் மஞ்சள், மூன்று மணிக்கு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் சிதையும். அதனால் குழம்புக் கறை என்றால் முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தால் எண்ணெயை எடுங்கள், அலசுங்கள், ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். சிவந்தாலும் பயப்பட வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது.

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். சூடு பட்டால் ரத்தத்தில் உள்ள புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாடித் தொட்டித் தண்ணீரே மதியம் கொதிக்கும், அதனால் ரத்தக் கறையை விடியற்காலையில் அலசுங்கள், அல்லது குடத்துத் தண்ணீரை எடுங்கள். வீட்டில் பெண்பிள்ளைகள் இருந்தால் இதை அவர்களுக்கும், ஆண்பிள்ளைகளுக்கும், கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுங்கள்.

பால் பாயின்ட் பேனா மை என்றால் கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை வைத்து, மேலே சானிடைசர் விட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். காலர் அழுக்குக்குத் துவைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே பார் சோப்பைத் தடவி வைத்தால் போதும். வாழைக்கறை போகாது. வாழைத்தார் வெட்டும்போது பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மெஷினில் போடுவது

7 கிலோ மெஷின் என்றால் அது உலர்ந்த துணியின் எடை. ஒரு ஜீன்ஸே அரை கிலோவுக்கு மேல் வரும். டிரம்மில் முக்கால் பாகம் வரை மட்டும் நிரப்புங்கள். திணித்தால் துணி புரளாது, அழுக்கு இடம் மாறிப் படியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள். 11 பேரின் ஒரு வாரத் துணி என்றால் கிட்டத்தட்ட 400. அதைப் பார்த்தாலே உட்கார்ந்து அழத் தோன்றும். தினமும் காலையில் ஒரு சுற்று, திங்கள், வியாழனில் மட்டும் இரண்டு. போர்வைகளை அறைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். போர்வைக்கு மட்டும் நான் மதியம் இரண்டு மணிக்கு மெஷினைப் போடுகிறேன். தொட்டியில் வெயில் காய்ச்சிய வெந்நீர் இருக்கிறதே, கரண்டுச் செலவே இல்லாமல் எண்ணெய்ப் பிசுக்கு போகும்.

உப்புத் தண்ணீர் என்றால் மெஷினுக்குள்ளும் சுண்ணாம்பு படியும். மாதம் ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் அமிலத் தூள் போட்டு, சூடான தண்ணீரில் ஓட விடுங்கள்.

படி 5: ஆள் வாரியாகக் காயப்போடுங்கள்

இந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நாங்கள் முன்பெல்லாம் கையில் எது வருகிறதோ அதைக் கொடியில் போடுவோம். எடுக்கும்போது எல்லாம் ஒரே மூட்டையாக வரும். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, இது யாருடைய பனியன், இது யாருடைய சாக்ஸ் என்று ஒரு மணி நேரம் போகும்.

இப்போது மாடியில் ஐந்து கொடி. ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று கொழுந்தனுக்கு, ஐந்தாவது துண்டு, போர்வைக்கு. துணியை இரண்டு உதறு உதறி, மடிப்பு விழும் இடத்தைக் கையால் நீவி, அவரவர் கொடியில் போடுகிறோம். எடுக்கும்போது ஒரு கொடி முழுவதையும் கையில் வாரி, அங்கேயே கைப்பிடிச் சுவர்மேல் வைத்து மடித்துவிட்டால், கீழே இறங்கும்போது ஐந்து அடுக்காக இறங்கும். எடுப்பதும் மடிப்பதும் ஒரே வேலையாகிவிட்டன.

ஒரே அளவு பள்ளிச் சட்டைகள் குழம்பும். முன்பு சலவைக்குப் போகும் துணிகளில் சேங்கொட்டைப் பாலால் குறி வைப்பார்கள், எத்தனை முறை துவைத்தாலும் அது அழியாது. நாங்கள் காலருக்கு உள்ளே நூல் தைத்து வைத்திருக்கிறோம். மூத்தவனுக்குச் சிவப்பு, அடுத்தவளுக்குப் பச்சை.

நிறத்துணியை உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். கத்திரி வெயிலில் மெல்லிய சட்டை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். சாயங்காலம் வரை விட்டால் நிறம் போகும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பகல் முழுக்க வெயில் அடித்துவிட்டு மாலையில் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் மூன்று மணிக்கெல்லாம் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு முறை பிழிய விட்டு, மின்விசிறிக்குக் கீழே ஹேங்கரில் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால்தான் வாடை வரும்.

படி 6: நீலம், கஞ்சி, பட்டு

நீலத்தைத் துணிமேல் நேராக விடாதீர்கள், திட்டுத் திட்டாகிவிடும். முதலில் பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கலக்கி, அப்புறம் துணியை முழுதாக முக்கி எடுங்கள். மாமனாரின் வேட்டிக்குச் சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் கலந்து அதில் தோய்க்கிறோம். காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து அயன் செய்தால் முறுமுறுவென்று நிற்கும்.

ஆரணிப் பட்டெல்லாம் மெஷின் பக்கமே போகக்கூடாது. கட்டிக் கழற்றியதும் நிழலில் ஆற விட்டு மடித்தால் பல முறை துவைக்காமலே கட்டலாம். துவைத்தே ஆக வேண்டும் என்றால் பூந்திக்கொட்டைத் தண்ணீர்.

படி 7: அலமாரிக்குக் கொண்டுபோவது யார்?

நாங்கள் இல்லை. மடித்த ஐந்து அடுக்கையும் கூடத்து பெஞ்சில் வைக்கிறோம். ராத்திரி சாப்பிட உட்காருவதற்கு முன் அவரவர் அடுக்கை அவரவர் எடுத்துப் போக வேண்டும். முதல் நாள் மாமனார் தன் நான்கு வேட்டியையும் இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு, எந்தத் தட்டில் வைப்பது என்று மாமியாரைக் கேட்டார். 40 வருடமாக அந்த பீரோவில் அவர் துணி வைத்ததில்லை. மாமியார் எழுந்து போகவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "மேலேர்ந்து ரெண்டாவது தட்டுங்க."