நரம்பு வலிக் குளிசை எடுப்பவர்கள் தேத்தண்ணி குடிப்பது எப்படி

கால் எரிவுக்கும் விறைப்புக்கும் எழுதிய மருந்துத் துண்டோடு வருகிறவர்கள், காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “பிள்ளை, இதோட தேத்தண்ணி குடிக்கலாமோ?” திருகோணமலை நகரில் ஒரு பார்மசியில் மருந்து கொடுப்பவள் நான். பெரும்பாலானவர்கள் குடிக்கலாம். ஆனால் எந்தக் குளிசை, எத்தனை மணிக்குத் தேத்தண்ணி என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் அட்டையில் உள்ள பெயரை வாசியுங்கள். பிரெகபலின், கபபென்டின் இரண்டும் அநேகமாக மாறாமலே சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன. தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீனை உடைப்பது ஈரல். பாதை வேறு என்பதால் ஒன்று மற்றதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. டுலொக்ஸெட்டின் அப்படியல்ல. கஃபீனை உடைக்கும் அதே ஈரல் நொதியும் சேர்ந்துதான் அதை உடைக்கிறது. அதோடு அது பிரஷரையும் கொஞ்சம் ஏற்றலாம், நித்திரையையும் குழப்பலாம். சாயம் கூடிய தேத்தண்ணி நாள் முழுக்கக் குடிப்பவர்கள் இதைத் தொடங்கும்போது டொக்டரிடம் சொல்லிவிட்டு, பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமிட்ரிப்டிலின் இரவில் எடுப்பது. வாய் வறளும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும். வாய் வறட்சிக்கென்று இரவில் பிளேன்ரீயை ஊற்றி ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்த நேரத்தில் தண்ணீரே போதும். இருதய வருத்தம் உள்ளவர்கள் படபடப்பை ஒருநாளும் சாதாரணமாக எடுக்கக் கூடாது.

இனி நேரம். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். பின்னேரம் 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் நிற்கிறது. நரம்பு வலியோ இரவில்தான் கூடுதலாகக் குத்தும். நித்திரை கெட்டால் அடுத்த நாள் வலி இன்னும் கூடும். உவர்மலையில் எங்கள் வீட்டில் அம்மா இரவில் பிரெகபலின் 75 மில்லிகிராம் எடுக்கிறா. அவவின் கடைசிப் பால்தேத்தண்ணி பின்னேரம் 3 மணிக்கு. அதற்குப் பிறகு கேட்டால் மல்லித் தண்ணி, அல்லது இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணி. சுக்குக் கோப்பி என்றால் கோப்பித் தூள் கலந்ததா என்று பார்த்துத்தான் கொடுப்பேன்.

நித்திரை மட்டுமில்லை. இரவில் தேத்தண்ணி குடித்தவர் சாமத்தில் சலம் கழிக்க எழும்புவார். இந்தக் குளிசைகள் தலையைச் சுற்ற வைக்கும், காலிலும் உணர்ச்சி குறைவு. இருட்டில் குளியலறைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், வயதானவர்களுக்கு நரம்பு வலியை விடப் பெரிய துன்பம் அது. கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, லைற்றைப் போட்டுவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

குளிசை தொடங்கிய கிழமையில் தேத்தண்ணியை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வழக்கமாகக் குடிப்பவர் திடீரென்று விட்டால் மறுநாளே தலையிடி, சோர்வு, எரிச்சல் வரும். பழி புதுக் குளிசைமேல் விழும். பலர் குளிசையையே நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. பிரெகபலினையும் கபபென்டினையும் திடீரென்று விட்டால் வியர்வை, பதற்றம், நித்திரையின்மை, சிலருக்கு வலிப்பும் வரலாம். டொக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தேத்தண்ணியைக் குறைக்க விரும்பினால் குளிசை உடம்புக்குப் பழகட்டும். பிறகு ஒவ்வொரு கோப்பையாகக் குறையுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது ஓட்டுநர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும்தான். குளிசையின் தூக்கத்தைக் கோப்பி கலைப்பதுபோலத் தெரியும். கண் முழிக்கும், ஆனால் தலைச்சுற்றும் பார்வை மங்கலும் தடுமாற்றமும் அப்படியே இருக்கும். இரவில் யானை குறுக்கிடும் ஹபரணை வீதியில் அந்த நிலையில் வாகனம் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். குளிசை தொடங்கிய நாட்களிலும், அளவு கூட்டிய நாட்களிலும் வேறு யாராவது ஓட்டட்டும். எனர்ஜி டிரிங்க் இதற்குத் தீர்வில்லை. 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 80 மில்லிகிராம் கஃபீன், கூடவே நிறையச் சீனி.

கஃபீன் குளிசைக்குள்ளும் வரும். பனடோல் எக்ஸ்ட்ரா ஒன்றில் 65 மில்லிகிராம் இருக்கிறது. படுக்கப் போகும்போது இரண்டு போட்டால் 130. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு, கர்ப்பிணிகளுக்கு 200. உங்கள் கணக்கில் இந்தக் குளிசையையும் சேருங்கள். சலத்தில் கிருமி என்று சிப்ரொஃப்ளொக்சசின் தந்தால், அது கஃபீன் உடைவதைத் தாமதமாக்கும். அந்த நாட்களில் தேத்தண்ணியைக் குறையுங்கள். டுலொக்ஸெட்டின் எடுப்பவருக்குச் சிப்ரொஃப்ளொக்சசின் பொருந்தாது. இரண்டு துண்டையும் சேர்த்துக் காட்டுங்கள். தேத்தண்ணியால் வயிறு எரிந்து அல்சர் பாணி (வயிற்று அமிலத்தைத் தணிக்கும் திரவ மருந்து) குடிப்பவர்கள், அதற்கு இரண்டு மணித்தியாலம் கழித்துக் கபபென்டின் எடுங்கள். பாணியிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

சீனி வருத்தத்தால் வந்த நரம்பு வலி என்றால் கோப்பைக்குள் உள்ள சீனியைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டு கரண்டி போட்ட ஐந்து கோப்பை, பத்துக் கரண்டி. ரின்பாலிலும் சீனி, கடித்துக் குடிக்கும் பனங்கட்டியும் சீனிதான். நரம்பைப் பழுதாக்குவது அதுவே, கஃபீன் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குளிசை எடுத்த நேரம், தேத்தண்ணி குடித்த நேரம், இரவு எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது என்று ஒரு கிழமை எழுதிக்கொண்டு போங்கள். அளவை மாற்ற டொக்டருக்கு அது உதவும். சாராயமும் வேறு தூக்க மருந்தும் இந்தக் குளிசைகளோடு சேரவே கூடாது. மூச்சு மெதுவானால், எழுப்ப முடியாத தூக்கம் என்றால், நெஞ்சு படபடத்து மயங்கினால், கோப்பி கொடுத்துத் தெளியவைக்கப் பார்க்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸை அழையுங்கள்.