ஒரே கேபிளில் ஐபிஎக்ஸும் டிசிபி/ஐபியும்: பழைய ஆபீஸ் நெட்வொர்க்குக்கு ஒரு செய்முறை

பழைய கணக்கெல்லாம் நெட்வேர் 3.11 (நோவெல் நிறுவனத்தின் சர்வர் மென்பொருள்) ஓடும் சர்வரில் கிடக்கிறது. அதைத் திறக்க ஐபிஎக்ஸ் என்ற புரோட்டோகால், அதாவது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிமுறை, வேண்டும். இணையத்துக்கு டிசிபி/ஐபி என்ற இன்னொரு புரோட்டோகால் வேண்டும். உடனே தனித்தனிக் கேபிள் இழுக்கணுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கேபிளில் தகவல் ஃப்ரேம் என்ற உறைக்குள் போகும். எதர்நெட் 2 வகை ஃப்ரேம் ஒவ்வொன்றிலும், உள்ளே இருப்பது யாருடைய சரக்கு என்று ஒரு எண் இருக்கும். ஹெக்ஸில் 0800 என்றால் ஐபி, 8137 என்றால் ஐபிஎக்ஸ். கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்த்து உரியவரிடம் பிரித்துக் கொடுத்துவிடும். இரண்டுக்கும் சண்டையே கிடையாது.

தகராறு ஐபிஎக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. அதே சரக்கு நான்கு விதமான உறையில் போகும்: 802.3, 802.2, எதர்நெட் 2, ஸ்னாப். நெட்வேர் 3.11 வரை வழக்கமான உறை 802.3. 3.12-இலிருந்து அது 802.2 ஆகிவிட்டது. உறை வேறாக இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று பார்க்காது.

படி 1. கிளையன்டை, அதாவது சர்வரை அணுகும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் சர்வர் கன்சோலில் (சர்வரின் கட்டளைத் திரையில்) 'கான்ஃபிக்' (CONFIG) என்று அடியுங்கள். ஃப்ரேம் வகை, நெட்வொர்க் எண் (ஐபிஎக்ஸில் அந்த நெட்வொர்க்குக்கு உள்ள அடையாள எண்) இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள்.

படி 2. விண்டோஸ் 98-இல் கன்ட்ரோல் பேனல், நெட்வொர்க், ஆட், புரோட்டோகால், மைக்ரோசாஃப்ட் என்று போய் ஐபிஎக்ஸ்/எஸ்பிஎக்ஸ், டிசிபி/ஐபி இரண்டையும் சேருங்கள். நெட்வேருக்கான கிளையன்ட் மென்பொருளும் வேண்டும். விண்டோஸ் சிடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கும்.

படி 3. இதில்தான் நிதானம் தேவை. ஐபிஎக்ஸ் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'ஃப்ரேம் டைப்' என்பது 'ஆட்டோ'வில் இருக்கும். அதை மாற்றி, தாளில் எழுதிய வகையைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

ஒரு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க நான் இதில் மாட்டிக்கொண்டேன். புது சர்வர் தெரிகிறது, பழையது தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், கார்டை மாற்றினேன். சாயங்காலம் கன்சோலைப் பார்த்தால் பழையது 802.3, புதியது 802.2; கிளையன்ட் தானாகவே 802.2-ஐப் பிடித்திருந்தது. பழைய சர்வரில் அதே கார்டுக்கு டிரைவரை 802.2 ஃப்ரேமுடன் இன்னொரு முறை லோடு செய்து ஐபிஎக்ஸை அதோடு பைண்ட் செய்ததும் (இணைத்ததும்) வந்துவிட்டது.

அப்படிச் செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி நெட்வொர்க் எண் வேண்டும். ஆனால் ஒரே கேபிளில் ஒரே ஃப்ரேம் பேசும் எல்லா சர்வருக்கும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறினால் கன்சோலில் ரூட்டர் கான்ஃபிகரேஷன் பிழை வந்துகொண்டே இருக்கும்.

படி 4. நெட்பியூயி என்ற இன்னொரு புரோட்டோகால் இருந்து, அது யாருக்கும் தேவைப்படவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அது ரூட்டரைத் தாண்டாது, வெறும் சத்தம்தான். கம்ப்யூட்டர் நேரடியாக இணையத்தில் இருந்தால், டிசிபி/ஐபியின் பைண்டிங்ஸ் பக்கத்தில் ஃபைல் ஷேரிங் டிக்கையும் எடுங்கள்.

படி 5. ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வின்ஐபிசிஎஃப்ஜியில் (ஐபி முகவரியைக் காட்டும் விண்டோஸ் கருவி) முகவரி வந்திருக்கிறதா, கேட்வேக்குப் (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரூட்டர்) பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, போகிறதா என்று பாருங்கள். அடுத்து நெட்வேரில் லாகின் செய்யுங்கள். பிங் போய் லாகின் மட்டும் ஆகவில்லை என்றால் கேபிளும் கார்டும் நல்லா இருக்கின்றன என்று அர்த்தம்; நேராகப் படி 3-க்குத் திரும்புங்கள்.