குணம் பார்க்க 20 கேள்வி

வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையோ, பாளையங்கோட்டை ஆபீஸோ, வேலை பார்ப்பவர்களின் குணத்தை அறியக் காசு கட்ட வேண்டாம். ‘மினி ஐபிஐபி’ (Mini-IPIP) என்ற குணம் அறியும் ஆங்கிலக் கேள்வித்தாள் இலவசம். கலகலப்பு, இணக்கம், பொறுப்பு, மனப்பதற்றம், கற்பனை என ஐந்து குணங்கள், குணத்துக்கு 4 கேள்வி, பதிலுக்கு 1 (பொருந்தவே இல்லை) முதல் 5 (ரொம்பப் பொருந்தும்) வரை மதிப்பெண். பேச்சுத் தமிழில் மாற்றிக் கொடுங்கள்.

பலரும் சறுக்குவது, குணத்தை எதிர்ப்பக்கமாகக் கேட்கும் தலைகீழ்க் கேள்விகளில்தான். “எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க மறந்துருவேன்” என்பதற்கு ஒருவர் 5 போட்டால், 6-லிருந்து கழித்து 1 என்றே கூட்ட வேண்டும். இதை விட்டால் அசட்டையான ஆள் பொறுப்புசாலியாகிவிடுவார்!

முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்றால் எல்லாரும் உத்தமர்தான். தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். ஆள் எடுக்கவோ நீக்கவோ இந்த மதிப்பெண் வேண்டாம். கலகலப்பில் குறைந்தவரிடம், “கவுண்டர் சரிப்படுதா, ஸ்டாக் பாக்கீங்களா?” என்று கேட்க ஒரு சாக்கு, அவ்வளவே.