பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளச்: கியர்பொக்ஸை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

கொழும்பிலோ கண்டியிலோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி மட்டக்களப்புக்குக் கொண்டு வருபவருக்கு முதலில் தொல்லை கொடுக்கக்கூடிய பகுதிகளில் ஒன்று கிளச். கியர் விழ மறுக்கும்; அல்லது ரேஸ் கொடுத்தால் என்ஜின் மட்டும் இரைந்து, கார் இழுக்காமல் நிற்கும். உடனே கராஜுக்குப் போய் "கியர்பொக்ஸை இறக்கிப் பாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். கியர்பொக்ஸுக்கு வெளியே, கையெட்டும் இடத்திலேயே பல கோளாறுகள் இருக்கக்கூடும். அவை இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே இருப்பவற்றைச் சந்தேகிக்க வேண்டும். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. காரில், என்ஜினின் விசையைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் கிளச் பிளேட்டை மாற்றுவதற்கு என்ஜினையே வெளியே தூக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அவசரத் தீர்ப்பின் செலவு விளங்கும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, கிளச் பிடிக்காமல் வழுக்குகிறதா அல்லது விடாமல் ஒட்டுகிறதா என்பதே. இரண்டும் எதிரெதிர்க் கோளாறுகள், வைத்தியமும் வேறு.

வழுக்கலைக் கண்டுபிடிப்பதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை வீதி ஏற்றமே இல்லாமல் கிடப்பதால், பாதி தேய்ந்த கிளச் கூட இங்கே மாதக்கணக்கில் குறை தெரியாமல் ஓடும். மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவுகளில்தான் அது கைவிடும். ஆகவே சமதரையில் வேண்டுமென்றே பாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வெறிச்சோடிய நேரான வீதியில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் மேல் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். வேகமும் ஆர்.பி.எம். முள்ளும் ஒன்றாக மெதுவாக ஏறினால் கிளச் பிடிக்கிறது. முள் மட்டும் தாவி ஏறி, வேகம் பின்தங்கினால் வழுக்குகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காரை நிறுத்திய நிலையில் கிளச்சை விட்டுப் பார்க்கும் முறை கிளச்சை வீணாகச் சூடாக்கும். நான் அதை விரும்புவதில்லை.

வழுக்குகிறது என்று தெரிந்த பிறகும் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கார்களில் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் எண்ணெயைக் குழாய் வழியே தள்ள, கியர்பொக்ஸ் பக்கத்திலுள்ள கீழ்ச் சிலிண்டரின் கோல் நகர்ந்து கிளச்சை விடுவிக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தங்கி நின்றால், காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது போன்ற நிலை ஏற்பட்டு நல்ல பிளேட்டும் வழுக்கும். மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைபட்டிருந்தாலோ, பெடலில் சிறிதளவும் தளர்வு இல்லாதபடி தள்ளுகோல் இறுக்கி வைக்கப்பட்டிருந்தாலோ, இறப்பர் குழாய் உட்பக்கம் ஊதிப்போயிருந்தாலோ இப்படி நடக்கும். கார் வழுக்கும் வேளையிலேயே நிறுத்தி, கீழ்ச் சிலிண்டரில் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றே திறவுங்கள். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வெளியேறி, நிப்பிளை மூடிய பிறகு கிளச் சரியாகப் பிடித்தால், குற்றவாளி குழாயிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. கியர்பொக்ஸைத் தொட வேண்டியதில்லை.

ஒட்டும் கிளச்சைப் பார்ப்பதற்கு, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்துச் சில வினாடிகள் பொறுத்து ரிவர்ஸைப் போடுங்கள். கரகரவென்று பல் உரசினால் கிளச் முழுமையாக விடுபடவில்லை. அடுத்து பெடலை இரண்டு மூன்று தடவை விரைவாக மிதித்துவிட்டு மறுபடியும் போடுங்கள். இப்போது கியர் அழகாக விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது அல்லது சிலிண்டர் ஒன்றில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் இறப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. முதல் கியரில் பெடலை மிதித்தபடியே காத்திருக்கும்போது கார் மெல்ல மெல்ல முன்னே நகரத் தொடங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே எண்ணெய் கசிந்து பின்வாங்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

இப்போது காருக்குக் கீழே போக வேண்டும். கல்லடி, நாவலடிப் பக்கத்து மணல் முற்றத்தில் ஜக் புதைந்து சரியும். கனமான பலகையின் மேல் ஜக்கையும் ஸ்டாண்டையும் வைத்து, சில்லுகளுக்குக் கல் கொடுத்த பிறகே கீழே போங்கள். கியர்பொக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் உள்ள கீழ்ச் சிலிண்டரின் இறப்பர் மூடியைச் சுண்டுவிரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. கறுத்த, வழவழப்பான நீர் விரலில் வழிந்தால் சிலிண்டர் போய்விட்டது. 1989இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ்.-5, அதாவது ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்கப்பட்ட கார், இந்தக் கோளாறுக்குப் பெயர் பெற்றது. பிறகு ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, சிலிண்டரின் கோல் எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளந்து, காரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். நகர்வு குறைந்தால் கோளாறு வெளியே. நகர்வு முழுமையாக இருந்தும் கியர் விழாவிட்டால் மட்டுமே உள்ளே.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இது சிறிய விஷயமல்ல: ஈரம் சேர்ந்த எண்ணெய் சிலிண்டரின் உட்சுவரில் துருவையும் குழியையும் உண்டாக்க, அந்தக் குழி புது வாஷரையும் கிழித்துவிடும். எனவே சுவரில் குழி தெரிந்தால் வாஷரை மட்டும் மாற்றாமல் சிலிண்டரையே மாற்றுங்கள். எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுவது நன்று. டொட் 3 அல்லது டொட் 4 வகைப் பிரேக் எண்ணெய் ஊற்றும் காரில் சிலிக்கன் வகையான டொட் 5ஐக் கலக்கவே கூடாது. எண்ணெய் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். டொயோட்டா எம்.ஆர்.2 போல என்ஜின் இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்களில் குழாய் முன்னிருந்து பின் வரை நீண்டு கிடப்பதால், காற்றை முழுவதும் வெளியேற்றப் பொறுமை வேண்டும்.

மாரி முழுவதும் ஓடாமல் நின்ற கார் என்றால், பிளேட் துருவினால், என்ஜினோடு சுழலும் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம். கோல் முழுமையாக நகர்ந்தும் கியர் சிறிதும் விழாதது இதன் அடையாளம்.

சத்தங்களை விரைவாகப் பிரித்துவிடலாம். பெடலை மிதிக்கும்போது எழும் கீச்சொலி, கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங்கினுடையது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் அடங்கும் இரைச்சல் பெரும்பாலும் கியர்பொக்ஸின் முன் பெயாரிங்கினுடையது. புறப்படும்போது கார் நடுங்கினால் முதலில் என்ஜின் மவுண்டுகளைப் பாருங்கள். அவை நன்றாக இருந்தால் பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். கியர்பொக்ஸ் கூட்டின் அடியில் சொட்டுவதை ஒரு கோப்பைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மிதந்தால் அது என்ஜின் ஒயில் அல்லது கியர் ஒயில். பின்னதற்குக் கந்தக வாடை உண்டு. நீரோடு கரைந்தால் பிரேக் எண்ணெய்.

இவ்வளவும் பார்த்த பிறகு கோளாறு உள்ளேதான் என்று உறுதியானால், இறக்கும் வேலையை ஒரே தடவையில் முடியுங்கள்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் பெயாரிங், என்ஜினின் பின் ஒயில் சீல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றி, பிளைவீலின் முகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். சாமான்கள் கைக்கு வந்து சேர்ந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பிளேட்டின் நடுத்துளைப் பல்லெண்ணிக்கையும் விட்டமும் சரி என்று கண்ட பிறகே காரைக் கராஜில் விடுவது நல்லது. பழைய பிளேட்டின் தூளில் அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடுமாகையால், காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுக்கும்படி வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.